கர்ப்ப காலத்தில் புகையிலையைக் கைவிடுதல்: கர்ப்பிணிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு வழிகாட்டி

முக்கியக் குறிப்புகள்

• கர்ப்ப காலத்தில் புகையிலைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. சிகரெட், பீடி, வெற்றிலையுடன் மெல்லும் புகையிலை, ஈறில் தேய்க்கும் புகையிலைத் தூள் ஆகிய அனைத்தும் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.
• எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு. முதல் 15 வாரங்களுக்குள் நிறுத்தினால் பயன் மிக அதிகம்.
• வீட்டில் பிறர் விடும் புகையும் தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கு செய்யும்.
• புகையிலைப் பழக்கத்தை மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ தயங்காமல் தெரிவிக்கவும். உதவி கிடைக்கும்.
• புகையிலையை நிறுத்த இலவச ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற எண்ணை அழைக்கலாம்.

இந்தப் பக்கம் யாருக்காக?

நீங்கள் கருவுற்றிருந்து புகையிலையைப் பயன்படுத்துபவராக இருக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடுபவராக இருக்கலாம். அல்லது ஒரு கர்ப்பிணியின் கணவராகவோ, தாயாகவோ, மாமியாராகவோ இருக்கலாம். உங்கள் அனைவருக்கும் பயன்படும் வகையில் இத்தகவல்கள் தொகுக்கப்பட்டுள்ளன.

“புகைபிடித்தல்” என்றவுடன் அது ஆண்களின் பழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்தியாவில் 2016-17 இல் நடத்தப்பட்ட வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, பெண்களில் 2 சதவீதத்தினர் புகைபிடிக்கின்றனர், ஆனால் 12.8 சதவீதத்தினர் மெல்லுதல், தேய்த்தல் போன்ற புகையற்ற வகைகளில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். அதே கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 38.7 சதவீதத்தினர் தங்கள் வீட்டிலேயே பிறர் விடும் புகைக்கு ஆளாவதாகத் தெரியவந்தது. ஆகவே நம் நாட்டில் ஒரு கர்ப்பிணிக்குப் புகையிலை மூன்று வழிகளில் வந்து சேர்கிறது: தாமே புகைப்பது, தாமே மெல்லுவது, வீட்டிலுள்ளோர் விடும் புகையைச் சுவாசிப்பது. பீடி சுற்றும் தொழிலில் உள்ள பெண்களுக்கு நான்காவது வழியும் உண்டு. இவை நான்கையும் இப்பக்கத்தில் காணலாம்.

புகையிலை கருவிலுள்ள குழந்தையை எவ்வாறு பாதிக்கிறது?

கருவிலுள்ள குழந்தை தனக்குத் தேவையான ஆக்சிஜனையும் உணவுச் சத்துகளையும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்தே பெறுகிறது. வேறு வழி அதற்கு இல்லை. புகையிலையிலுள்ள நச்சுப்பொருள்களும் இதே பாதையில் குழந்தையைச் சென்றடைகின்றன.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கர்ப்ப காலத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

நிகோடின்: இது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் குழந்தைக்குக் கிடைக்கும் சத்தும் குறைகிறது. நிகோடின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் உடலிலும் கலந்து, வளர்ந்து வரும் மூளையையும் நுரையீரலையும் பாதிக்கிறது. புகைக்கும் புகையிலையிலும் மெல்லும் புகையிலையிலும் நிகோடின் உண்டு.

கார்பன் மோனாக்சைடு: புகையில் உள்ள இந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைகிறது. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்வதால், உடல் முழுவதற்கும் ஆக்சிஜன் குறைகிறது. தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குழந்தையின் இரத்தத்தில் இதன் அளவு சற்று அதிகமாகவே இருக்கும். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே இரத்தசோகை இருந்தால் நிலைமை மேலும் கடினமாகிறது.

தாய்க்கு ஏற்படக்கூடிய பாதிப்புகள்

புகைபிடிக்கும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு, கரு கருப்பைக்கு வெளியே தங்குதல், நஞ்சுக்கொடி கருப்பையின் வாய்ப்பகுதியை மறைத்து அமைதல், பிரசவத்திற்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்து இரத்தப்போக்கு ஏற்படுதல், உரிய காலத்திற்கு முன்பே பனிக்குடம் உடைதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு அதிகரிக்கிறது. இவற்றுள் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் தாய், குழந்தை இருவரின் உயிருக்கும் ஆபத்தானது.

குழந்தைக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகள்

புகைபிடிக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளின் எடை சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைவாக இருக்கும். பிறக்கும்போது 2.5 கிலோகிராமுக்குக் குறைவாக உள்ள குழந்தை எடை குறைந்த குழந்தையாகக் கருதப்படுகிறது. 2.6 கிலோகிராம் எடையுடன் பிறந்திருக்க வேண்டிய குழந்தை, 200 கிராம் குறைவால் அந்த எல்லைக்குக் கீழே சென்றுவிடுகிறது. எடை குறைந்த குழந்தைக்கு உடல் வெப்பத்தைத் தக்கவைத்தல், தாய்ப்பாலை உறிஞ்சுதல், தொற்றுகளை எதிர்த்தல் ஆகிய அனைத்தும் கடினம்.

குறைமாதப் பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல், உதட்டுப் பிளவு அல்லது அண்ணப் பிளவு ஆகியவற்றுக்கான வாய்ப்பும் அதிகரிக்கிறது. பிறந்த பின்னர், தூக்கத்திலேயே எதிர்பாராமல் குழந்தை இறந்துபோகும் அபாயமும், மூச்சுத்திணறல், ஆஸ்துமா, காதுத் தொற்று ஆகியவையும் இக்குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

மெல்லும் புகையிலை பாதுகாப்பானதா?

இல்லை. “நான் புகைப்பதில்லை, வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போடுவேன், அவ்வளவுதான்” என்று கூறும் கர்ப்பிணிகள் பலர் உள்ளனர். அதில் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் நிகோடின் உண்டு. வாயின் மெல்லிய தோல் வழியாக அது நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது. புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் நேரம் முழுவதும் நிகோடின் உடலுக்குள் சென்றுகொண்டே இருக்கும்.

மும்பையில் மேற்கொள்ளப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வொன்றில், புகையற்ற புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகவும், ஏறத்தாழ 6 நாள்கள் முன்னதாகவும் பிறந்தது கண்டறியப்பட்டது. குழந்தை இறந்து பிறப்பதற்கும் இப்பழக்கத்திற்கும் தொடர்பு இருப்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குமட்டலும் வாய் நீர் ஊறுதலும் இருக்கும்போது, “வெற்றிலை போட்டால் சரியாகும்” என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுண்டு. பல்வலிக்கும் ஈறு வலிக்கும் புகையிலைத் தூளைத் தேய்க்கும் வழக்கமும் உள்ளது. பலருக்கு இப்பழக்கம் தொடங்குவதே இவ்வாறுதான். குமட்டல் சில வாரங்களில் நின்றுவிடும்; புகையிலை நிற்காது. குமட்டலுக்கும் பல்வலிக்கும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மருந்துகள் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன.

வளைகாப்பிலும் பிற சுப நிகழ்ச்சிகளிலும் தாம்பூலம் வழங்குவது நம் மரபு. அந்தத் தட்டில் புகையிலைக்கு இடமில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால், மரபுக்காகப் பெற்றுக்கொள்ளும் தாம்பூலத்தை மெல்லாமல் வைத்துவிடுவது நல்லது.

பிறர் விடும் புகை

நீங்கள் புகைபிடிக்காதவராக இருந்தாலும், வீட்டில் ஒருவர் புகைத்தால் அந்தப் புகை உங்கள் நுரையீரலுக்கும், அங்கிருந்து குழந்தைக்கும் செல்கிறது. இதனாலும் குழந்தையின் எடை குறையும். குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பும் கூடும்.

சன்னலைத் திறந்து வைப்பதோ, மின்விசிறியைச் சுழலவிடுவதோ, ஊதுவத்தி ஏற்றுவதோ இந்தப் புகையை நீக்காது. அடுத்த அறையில் நின்று புகைத்தாலும் புகை வீடெங்கும் பரவும். ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் வீடுகளில் இதன் தாக்கம் இன்னும் அதிகம். விறகடுப்புப் புகையும் சேர்ந்துவிட்டால் கர்ப்பிணிக்குச் சுமை இரட்டிப்பாகிறது. ஆகவே வீட்டிற்குள் எவரும், எந்த நேரத்திலும் புகைப்பதில்லை என்பதைக் குடும்பத்தின் விதியாக்கிக் கொள்ளவும்.

பொது இடங்களில் புகைபிடிப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. மருத்துவமனை, பேருந்து, பணியிடம் போன்ற இடங்களில் உங்கள் அருகில் ஒருவர் புகைத்தால், அதை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பீடி சுற்றும் தொழிலில் உள்ள கர்ப்பிணிகளுக்கு

திருநெல்வேலி, தென்காசி, வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பெரும் எண்ணிக்கையிலான பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். பீடியை ஒருபோதும் வாயில் வைக்காதவர்களும் புகையிலைத் தூளைச் சுவாசிப்பதாலும், அதைத் தொடர்ந்து கையாள்வதாலும் நிகோடினுக்கு ஆளாகின்றனர். இவ்வருமானத்தை நம்பியுள்ள குடும்பங்களில் உடனடியாகத் தொழிலை விடுவது எளிதன்று என்பது உண்மையே. இயன்றால் கர்ப்ப காலத்தில் வேலையைத் தவிர்க்கவும். இயலாதவர்கள் கீழ்க்காண்பவற்றையேனும் பின்பற்றவும்.

• மூடிய அறையில் அமராமல், காற்றோட்டமான திண்ணையிலோ முற்றத்திலோ அமர்ந்து சுற்றவும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளவும்.
• புகையிலைத் தூளைச் சலிப்பது, உலர்த்துவது போன்ற தூசி பறக்கும் வேலைகளைப் பிறரிடம் விட்டுவிடவும்.
• புகையிலையையும் சுற்றிய பீடிகளையும் உறங்கும் அறையிலோ சமையலறையிலோ வைக்க வேண்டாம்.
• உண்பதற்கு முன்பும், குழந்தைகளைத் தூக்குவதற்கு முன்பும் சோப்பினால் கைகளை நன்கு கழுவவும். வேலை முடிந்ததும் உடையை மாற்றவும்.
• பரிசோதனைக்குச் செல்லும்போது உங்கள் தொழிலைச் செவிலியரிடம் தவறாமல் கூறவும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மகப்பேறு சலுகைகள் குறித்துக் கேட்டறியவும்.

நிறுத்தினால் என்ன நிகழும்?

புகைப்பதை நிறுத்திய ஒரு நாளுக்குள் உங்கள் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்பு நிலைக்குத் திரும்பத் தொடங்கும். குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அதிகரிக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சீரடையும். அடுத்த சில வாரங்களில் இருமல் குறையும். மூச்சு வாங்குதல் தணியும். உணவின் சுவையும் மணமும் நன்கு தெரியத் தொடங்கும்.

கர்ப்பத்தின் முதல் 15 வாரங்களுக்குள் முழுவதுமாக நிறுத்திய தாய்மாரிடம், குறைமாதப் பிரசவத்திற்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்குமான வாய்ப்பு, புகைக்காத தாய்மாரிடம் உள்ள அளவுக்கே இறங்கிவிடுவது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது.

15 வாரங்கள் கடந்துவிட்டன என்பதற்காக மனம் தளர வேண்டாம். குழந்தையின் எடை பெருமளவு கூடுவது கடைசி மூன்று மாதங்களில்தான். ஏழாம் மாதத்தில் நிறுத்தினாலும் அந்த எடை கூடுதலுக்கு இருந்த தடை நீங்குகிறது. இதுவரை பயன்படுத்தியதை எண்ணிக் குற்ற உணர்வு கொள்வதால் குழந்தைக்கு நன்மை இல்லை. இன்றே நிறுத்துவதால் நன்மை உண்டு.

ஏன் எளிதில் விட முடிவதில்லை?

புகையிலையை விட முடியாமல் இருப்பது மன உறுதி இன்மையினால் மட்டும் அன்று. நிகோடின் மூளையை அடிமைப்படுத்தும் பொருள். அதன் அளவு இரத்தத்தில் குறையும்போது மூளை மீண்டும் அதைக் கேட்கிறது. கர்ப்ப காலத்தில் உடல் நிகோடினை வழக்கத்தைவிட விரைவாக வெளியேற்றுகிறது. அதனால் சில பெண்களுக்கு இந்த வேட்கை முன்பைவிடக் கூடுதலாகவே தோன்றக்கூடும்.

நிறுத்திய பின் எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, தலைவலி, கவனக்குறைவு, பசி அதிகரித்தல், மலச்சிக்கல் ஆகியவை ஏற்படலாம். இவை முதல் 2, 3 நாள்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்குள் மறைந்துவிடும். இத்தொல்லைகள் உங்களுக்கு மட்டுமே ஏற்படுபவை. குழந்தைக்குத் தீங்கு செய்பவை அல்ல.

நிறுத்துவதற்கான படிகள்

1. தெரிவிக்கவும். உங்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே புகையிலைப் பழக்கத்தைக் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கூறவும். கர்ப்பிணிகள் அனைவரிடமும் புகையிலைப் பயன்பாட்டையும், வீட்டில் பிறர் புகைப்பதையும் கேட்டறிய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. குடும்பத்தினர் முன்னிலையில் பேசத் தயக்கம் இருந்தால், செவிலியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

2. நாளைக் குறிக்கவும். கர்ப்பிணிகள் நீண்ட நாள் காத்திருக்கத் தேவையில்லை. இன்றோ நாளையோ, அதிகம் போனால் இந்த வாரத்திற்குள்ளோ ஒரு நாளை முடிவு செய்யவும். சிறிது சிறிதாகக் குறைப்பதைவிட முழுவதுமாக நிறுத்துவதே நல்லது. எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்துப் புகைப்பதாலோ, நெடுநேரம் அடக்கி வைப்பதாலோ, உடலில் சேரும் நிகோடின் எதிர்பார்த்த அளவு குறைவதில்லை.

3. அப்புறப்படுத்தவும். வீட்டிலுள்ள பீடிக் கட்டு, தீப்பெட்டி, சாம்பல் தட்டு, புகையிலைப் பொட்டலம் அனைத்தையும் அகற்றவும். இடுப்புச் சுருக்குப் பையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளிந்திருக்கும் சிறு பொட்டலத்தையும் மறக்க வேண்டாம். பெரும்பாலும் பழக்கம் திரும்பத் தொடங்குவது அதிலிருந்துதான்.

4. தூண்டும் நேரங்களை அறியவும். காலைத் தேநீருக்குப் பின், உணவுக்குப் பின், வேலைக்கு இடையில், சண்டைக்குப் பின், இரவில் தனிமையில் எனப் புகையிலை நினைவுக்கு வரும் நேரங்களை இரண்டு நாள்கள் குறித்துப் பார்க்கவும். ஒவ்வொரு நேரத்திற்கும் மாற்றாக ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யவும். உணவு முடிந்ததும் வெற்றிலைப் பெட்டியை நாடுபவர்கள் உடனே எழுந்து வாய் கொப்பளித்துப் பல் துலக்கலாம். சோம்பு, ஏலக்காய், சிறு நெல்லிக்காய்த் துண்டு ஆகியவற்றுள் ஒன்றை மெல்லலாம்.

5. வேட்கையைக் கடக்கவும். புகையிலை வேண்டும் என்ற உந்துதல் சில நிமிடங்களில் தானாகவே தணியும். அந்த நிமிடங்களில் நான்கு செயல்கள் உதவும்: “ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்போம்” எனத் தள்ளிப்போடுதல், மெதுவாக ஆழ்ந்து மூச்சு விடுதல், ஒரு குவளை தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பருகுதல், இடத்தை விட்டு எழுந்து வேறு வேலையில் ஈடுபடுதல்.

6. துணையை நாடவும். கணவர், தாய், சகோதரி, தோழி, அங்கன்வாடிப் பணியாளர் என நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உங்கள் முடிவைச் சொல்லவும். வேட்கை எழும்போது அவருடன் பேசவும்.

7. தவறினால் மீண்டும் தொடங்கவும். ஒரு நாள் தவறிவிட்டால் முயற்சியே தோற்றதாகக் கருத வேண்டாம். புகையிலையை வெற்றிகரமாகக் கைவிட்டவர்களில் பலர் ஒருமுறைக்கு மேல் முயன்றவர்களே. எந்தச் சூழலில் தவறியது என்பதைக் கவனித்து, அடுத்த வேளையிலிருந்தே மீண்டும் நிறுத்தவும்.

மருந்துகள் பயன்படுத்தலாமா?

கர்ப்ப காலத்தில் முதன்மையான சிகிச்சை ஆலோசனையும் தொடர் ஊக்கமும் ஆகும். புகைப்பதை நிறுத்தப் பிறருக்கு வழங்கப்படும் பியூப்ரோபியான், வரெனிக்லின் ஆகிய மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. நிகோடின் சூயிங்கம், நிகோடின் பட்டை ஆகியவை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன என்பதற்காகத் தாமாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். ஆலோசனையால் மட்டும் நிறுத்த முடியாத நிலையில், நன்மை தீமைகளை ஆராய்ந்து மருத்துவரே முடிவு செய்வார்.

மின் சிகரெட் ஒரு மாற்று அன்று. அதிலும் பெரும்பாலும் நிகோடின் உள்ளது. இந்தியாவில் மின் சிகரெட்டுகளின் தயாரிப்பு, விற்பனை, விளம்பரம் ஆகியவை 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டுள்ளன.

கணவருக்கும் குடும்பத்தினருக்கும்

கணவர் புகைக்கும் வீட்டில் மனைவி மட்டும் பழக்கத்தை விடுவது மிகக் கடினம். இருவரும் ஒரே நாளில் நிறுத்துவதே சிறந்த வழி. உங்களால் உடனே நிறுத்த இயலவில்லை எனில், வீட்டிற்குள்ளும், மனைவி உடன் இருக்கும் வாகனத்திலும் புகைக்க வேண்டாம். வெளியில் புகைத்த பின் கை, வாய் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே அருகில் செல்லவும். புகையின் நச்சுகள் துணியிலும் முடியிலும் தங்கியிருக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் மெல்லும் புகையிலையைக் கர்ப்பிணியின் முன் எடுக்காதிருப்பதும், அதைக் கடையிலிருந்து வாங்கி வரும்படி அவரை அனுப்பாதிருப்பதும் உதவியே. நிறுத்திய முதல் வாரங்களில் அவர் எளிதில் எரிச்சல் அடையலாம். அதைப் பொறுத்துக்கொள்ளவும். கண்டிப்பதும் அவமானப்படுத்துவதும் பழக்கத்தை நிறுத்துவதில்லை. மறைத்துச் செய்யவே வைக்கும். மறைக்கப்பட்ட பழக்கத்திற்குச் செவிலியரால் உதவ இயலாது.

பிரசவத்திற்குப் பின்

கர்ப்ப காலம் முழுவதும் புகையிலையைத் தொடாதிருந்த பெண்களில் பலர், பிரசவத்திற்குப் பின் சில மாதங்களில் மீண்டும் தொடங்கிவிடுகின்றனர். உறக்கமின்மை, சோர்வு, “குழந்தை பிறந்துவிட்டதே, இனி என்ன” என்ற எண்ணம் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. பிரசவித்த பெண்ணுக்கு உணவுக்குப் பின் வெற்றிலை பாக்கு கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. தொடர்ந்து மனச்சோர்வு, அழுகை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கூறவும். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

நிகோடின் தாய்ப்பாலில் கலக்கும். ஆயினும், புகையிலையை இன்னும் விட முடியாத தாயும் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரிது. பால் கொடுப்பதற்கு முன் புகையிலையைத் தவிர்க்கவும். குழந்தை இருக்கும் அறையில் எவரும் புகைக்க வேண்டாம். புகைப்பவர் எவரும் குழந்தையுடன் ஒரே படுக்கையில் உறங்க வேண்டாம். இவற்றுடன் பழக்கத்தை முழுவதுமாக விடும் முயற்சியையும் தொடரவும்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

“குழந்தை சிறிதாக இருந்தால் பிரசவம் எளிதாகும் அல்லவா?”
இல்லை. எடை குறைந்த குழந்தை பிரசவத்தின்போதே மூச்சுத்திணறலுக்கு ஆளாகலாம். சிறப்புக் கவனிப்புப் பிரிவில் பல நாள்கள் தங்க நேரிடலாம். சிறிய குழந்தை என்பது எளிய பிரசவம் என்று பொருள்படாது.

“மூத்த குழந்தையின்போதும் பயன்படுத்தினேன்; அவன் நலமாகத்தானே இருக்கிறான்?”
அபாயம் என்பது அனைவருக்கும் தீங்கு நேரும் என்பதன்று. நேரும் வாய்ப்பு அதிகம் என்பதாகும். ஒரு கர்ப்பம் போலவே அடுத்ததும் அமையும் என்ற உறுதி இல்லை.

“திடீரென்று நிறுத்தினால் ஏற்படும் மன உளைச்சல் குழந்தையைப் பாதிக்காதா?”
பாதிக்காது. நிறுத்துவதால் ஏற்படும் தொல்லைகள் தற்காலிகமானவை. புகையிலை பயன்படுத்தியவுடன் ஏற்படும் நிம்மதி பெரும்பாலும் நிகோடின் குறைவினால் உண்டான பதற்றம் தணிவதே ஆகும்.

“புகையிலையை நிறுத்தினால் உடல் எடை கூடுமா?”
பசி சற்று அதிகரிக்கலாம். கர்ப்ப காலத்தில் எடை கூடுவது தேவையானதே. பழங்கள், சுண்டல், மோர், கீரை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளவும். இவை மலச்சிக்கலையும் குறைக்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பிறப்புறுப்பு வழியாக இரத்தப்போக்கு, நீர் கசிதல், தொடர்ந்த அல்லது கடுமையான வயிற்று வலி, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல், கடும் தலைவலி, கண் மங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது ஏற்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்சை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். புகையிலை பயன்படுத்திய விவரத்தைப் பணியிலுள்ள மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும். அது சரியான சிகிச்சைக்கு உதவும்.

உதவி எங்கே கிடைக்கும்?

• தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்: 1800-11-2356. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். புகையிலைப் பொருள்களின் உறைகளில் எச்சரிக்கைப் படத்துடன் அச்சிடப்பட்டிருக்கும் எண் இதுவே.
• குறுஞ்செய்தி வழி வழிகாட்டுதல் பெற: 011-22901701 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுக்கலாம்.
• மருத்துவ ஆலோசனைக்கு: 104.
• நேரடி உதவிக்கு: உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை.

அடுத்த பரிசோதனை நாள் உங்கள் தாய் சேய் நல அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாள் வரை காத்திராமல் இன்றே நிறுத்தவும். அன்று செவிலியரைச் சந்திக்கும்போது, எத்தனை நாள்களாகப் புகையிலையைத் தொடவில்லை என்பதைச் சொல்லவும். அது மூன்று நாள்களாக இருந்தாலும், அந்த மூன்று நாள்களும் உங்கள் குழந்தைக்குக் கூடுதலாக ஆக்சிஜன் கிடைத்த நாள்களே.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுபவை. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.